அமெரிக்க டவுன்ஷிப்பில் 20 பேர்தானா?

"டவுன்ஷிப் என்கிறார்கள், 20 பேர்தான் இருக்கிறார்களாமே, எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள்.

பெயரில் டவுன் இருப்பதால் வரும் குழப்பம் இது. அது முதலில் ஒரு நில அளவு. 1785 அமெரிக்க நில அளவைச் சட்டப்படி 6 மைலுக்கு 6 மைல் சதுரம்; அதற்குள் 640 ஏக்கர் வீதம் 36 செக்ஷன்கள். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சதுரம் அப்படியேதான் இருக்கும்.

வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஸ்லோப் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 3,100 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 706 பேர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுரத்துக்குச் சராசரியாக 20, 21 பேர்தான். தலைமையிடமான அமிடனிலேயே 24 பேர்தான்!

ஏன் இவ்வளவு குறைவு? குடியேறுபவர்களுக்கு நிலம் தரும் 1862 சட்டம் (ஹோம்ஸ்டெட் சட்டம்) குடும்பத்துக்கு 160 ஏக்கர் கொடுத்தது. மழை குறைந்த அந்தப் புல்வெளியில் அது பிழைப்புக்குப் போதவில்லை. 1930களின் வறட்சியில் பலர் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் டிராக்டர் வந்தது. பண்ணைகள் பெரிதாகின, வீடுகள் குறைந்தன.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சாலைகள். நேராக வடக்கே போகும் மண்சாலை திடீரென்று பக்கவாட்டில் சற்று விலகி, மறுபடி நேராகும். பூமி உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். சதுரம் குறுகிவிடாமலிருக்க அளவையாளர்கள் செய்த திருத்தம்தான் அந்த வளைவு.