வெளிநாடு வந்த அப்பா தினமும் குடிக்கிறார்: மருத்துவர் பதில்

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. அம்மா இறந்த பிறகு எங்களோடு வெளிநாட்டுக்கு வந்தார். முன்பெல்லாம் எப்போதாவது குடிப்பவர், இப்போது தினமும் இரவு விஸ்கி குடிக்கிறார். சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். இங்கே டாக்டர் கேட்டால் "எப்பவாவதுதான்" என்கிறார். அதை மொழிபெயர்ப்பதும் நான்தான். அவர் மனம் நோகாமல் எப்படி நிறுத்தவைப்பது?

பதில்: முதல் காரியமாக, அந்த மொழிபெயர்ப்பு வேலையை விட்டுவிடுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்ற கேள்வி பெற்ற மகள் வாயிலிருந்து வந்தால், எந்தத் தகப்பன் உள்ளதைச் சொல்வார்? மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தால் ஃபோன் வழியாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தெரிந்த வட்டத்து ஆள் நேரில் வந்து உட்கார்ந்தால், விஷயம் வெளியே போய்விடுமோ என்று பயப்படுவார். முகம் தெரியாத குரலிடம் பேசுவது அவருக்குச் சுலபம். நீங்கள் அறைக்கு வெளியே இருங்கள். பேரப்பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பாட்டிலை ஒளித்துவைப்பது, கொட்டிவிடுவது இரண்டும் வேண்டாம். அவமானம் ஒரு பக்கம், ஆபத்து இன்னொரு பக்கம். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். பிறகு மனக்குழப்பம் வந்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் அது உயிருக்கே ஆபத்து. தூக்க மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை எப்படிக் குறைப்பது என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

வயதாகும்போது உடம்பில் நீரின் அளவு குறைகிறது. அதனால் 40 வயதில் குடித்த அதே அளவு, 70 வயதில் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும், ராத்திரி எழுந்து நடக்கும்போது விழுவார். சர்க்கரை மாத்திரை விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை. சில மாத்திரைகளோடு, அதுவும் சாப்பிடாமல் குடித்தால், சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். அப்போது பேச்சு குழறும், தள்ளாடுவார். "போதை, தூங்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், உடனே சர்க்கரை பாருங்கள். எழுப்ப முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, பேச்சை எங்கே ஆரம்பிப்பது? குடியில் ஆரம்பிக்காதீர்கள், தூக்கத்தில் ஆரம்பியுங்கள். "ராத்திரி 2 மணிக்கே முழிப்பு வந்துடுதாப்பா?" என்று கேளுங்கள். மது சீக்கிரம் தூங்கவைத்து, பின்னிரவில் தூக்கத்தைக் கெடுக்கும். அது அவருக்கே தெரிந்த அவஸ்தை, அதனால் பேசுவார். குடிகாரர் என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. "மாத்திரையோடு ஒத்துப்போகுதா, டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாம்" என்றால் அதில் குற்றச்சாட்டே இல்லை. அவர் மதிக்கும் அவர் வயதுக்காரர் ஒருவர் சொன்னால், நாம் சொல்வதைவிட நன்றாகவே எடுபடும்.

அப்புறம், அளவு. வழக்கமாக ஊற்றும் அளவை அவரையே தண்ணீரில் ஊற்றிக் காட்டச் சொல்லி, அளவுக் கோப்பையில் பாருங்கள். சுமார் 30 மில்லி விஸ்கியில் 10 கிராம் ஆல்கஹால் உண்டு. வீட்டில் ஊற்றும் "ஒரு கிளாஸ்" பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' (AUDIT) என்ற, குடிப்பழக்கம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் 10 கேள்விப் படிவத்தை அவர் மொழியிலேயே கேட்டு வாங்குங்கள். பொதுவாக 8 மதிப்பெண்ணில் எச்சரிக்கை என்பார்கள், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 7 என்றாலே கவனிக்க வேண்டும்.

மனைவியை இழந்து, பேச்சுத்துணை இல்லாத நாட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கிறார். அந்தத் துக்கத்தைத்தான் கிளாஸில் ஊற்றிக்கொள்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பரிசோதிக்கும்படி டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் இல்லாமல் நடக்காத வேலை ஒன்றை, குடிக்கும் அந்த மாலை நேரத்தில், அவர் பொறுப்பில் கொடுங்கள். வெறும் பொழுதுபோக்காக ஒன்றைக் கொடுத்தால், குடியிலிருந்து திசைதிருப்பத்தான் என்று அவருக்குப் புரிந்துவிடும். நிஜமான வேலையாக இருக்கட்டும். அம்மாவைப் பற்றி அவரோடு பேசுங்கள். அழுதால் அழட்டும், பேச்சை மாற்றாதீர்கள்.