அக்கம்பக்கத்தார் கையில் ஆதரவுச் சிகிச்சை: கேள்வி பதில்

(குணப்படுத்த முடியாத நோயிலும் வலியையும் துன்பத்தையும் தணிப்பதே ஆதரவுச் சிகிச்சை; ஆங்கிலத்தில் பாலியேட்டிவ் கேர். கேரளத்தில் அதைச் செய்யும் தன்னார்வலர் குழுக்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, அவற்றில் பணியாற்றிய செவிலியர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: மருத்துவமனைகள் இருக்கும்போது ஊர்க்காரர்களின் அமைப்பு எதற்கு?

பதில்: 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிப்புக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆனால், நோய் முற்றிப் படுத்துவிட்டவரால் பேருந்து ஏறி அங்கே வர இயலாது. வர முடியாதவரின் வீட்டுக்கு நாமே போக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான், 1990களின் இறுதியில் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தாரின் குழுக்கள் உருவாயின.

கேள்வி: மருத்துவம் படிக்காதவர்களால் என்ன செய்ய முடியும்?

பதில்: புற்றுநோய்ப் புண்ணின் துர்நாற்றத்தால் உறவினர்களே ஒதுங்கிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். உப்பிட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த நீரால் புண்ணைக் கழுவி, மருத்துவர் சொன்னபடி, நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளைக் கொல்லும் மெட்ரானிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவக் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்தால், சில நாட்களில் நாற்றம் அடங்கும். அதன் பிறகு பேரப்பிள்ளைகள் கட்டிலருகே வருவார்கள். கற்றுக்கொடுப்பது செவிலியரின் வேலை. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று கவனித்து அரிசிக்கும் கட்டணத்துக்கும் வழி செய்பவர்கள் தன்னார்வலர்களே. சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் நோயைவிடப் பட்டினிதான் முதலில் கதவைத் தட்டுகிறது. அதற்கு மருந்துச்சீட்டு எழுத எந்த மருத்துவராலும் ஆகாது.

கேள்வி: கடும் வலியைத் தணிக்கும் அபின் வகை மருந்தான மார்ஃபினைத் தன்னார்வலர்களிடம் கொடுப்பது ஆபத்தில்லையா?

பதில்: இவர்களிடம் கொடுப்பதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் அது நோயாளிக்குக் கிடைக்கும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நோயாளிகள் வலியில் துடித்த காலம் உண்டு. 2014இல் வந்த திருத்தம் அந்த நடைமுறைகளை எளிதாக்கியது.

கேள்வி: இதை அரசே ஏற்று நடத்தினால் என்ன?

பதில்: 2008இல் கேரள அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது, ஊராட்சிகள் செவிலியரை அமர்த்தி, வீடு வீடாகச் செல்ல வாகனமும் ஏற்பாடு செய்கின்றன. இதனால் சேவை பரவியது உண்மை. ஆயினும், ஊராட்சி வண்டி வருகிறதே என்று அக்கம்பக்கத்தார் விலகிக்கொண்டால், மாதத்தில் ஓரிரு நாள் வரும் செவிலியரால் மற்ற நாட்களை நிரப்ப முடியாது என்பதே என் கவலை.

கேள்வி: எங்கள் ஊரிலும் தொடங்க விரும்புகிறோம். முதலில் ஆம்புலன்ஸ் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் உங்கள் தெருவில் எத்தனை பேர் எழுந்து நடக்க முடியாமல் படுத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதி வாருங்கள்.