மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பர்மாவில் மேமியோ ஊருக்கு வெளியே எங்களுக்கு இரண்டு ஏக்கர் அராபிகா காப்பித் தோட்டம் இருக்கிறது, சில்வர் ஓக் நிழல். ஸ்பெஷாலிட்டி என்கிற உயர்தரக் காப்பிக்கு நல்ல விலை என்றார்கள். அதனால் இந்த வருடம் பழத்தை உரிக்காமல் அப்படியே காயவைக்க மூங்கிலில் உயரக் களம் கட்டினேன். பகலில் பறிப்பதை மூட்டை கட்டி வைத்து, மறுநாள் வெயில் ஏறியதும் பரப்புகிறோம். மாதிரி வாங்கிப் போனவர்கள் புளித்த வாடை அடிக்கிறது, வேண்டாம் என்றுவிட்டார்கள். ராத்திரிப் பனிதான் காரணமா? சிமெண்ட் தளம் போடலாமா? இன்னும் இரண்டு பறிப்பு பாக்கி.

பதில்: தம்பி, சிமெண்டில் காசைக் கொட்டாதீர்கள். உங்கள் களத்தில் பெரிய குறை இல்லை. ஷான் மாநிலத்து யுவாங்கான் பக்கம் டனு இனக் குடியானவர்கள் இதே மாதிரி உயரக் களத்தில்தான் நல்ல காப்பி காயவைக்கிறார்கள். உங்கள் பழம் களத்துக்கு வருமுன்பே கெட்டுவிடுகிறது.

இன்று பறித்துக் கட்டிய மூட்டைக்குள் சாயங்காலம் முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். தோலுக்கும் கொட்டைக்கும் நடுவில் உள்ள வழவழப்பில் சர்க்கரை நிறைய. பழம் நசுங்கி, காற்றுப் புகாமல் குவிந்து கிடந்தால் முதலில் கள் வாடை வரும், விடியும்போது காடி வாடை. அது கொட்டைக்குள் இறங்கிவிட்டால் எத்தனை வெயிலில் போட்டாலும் போகாது. சந்தேகம் இருந்தால் காய்ந்த பழம் ஐம்பதை உடைத்துப் பாருங்கள். நல்ல கொட்டையில் பச்சைச் சாயல் இருக்கும். புளித்தது மஞ்சளோடிப் பழுப்பாகவோ செம்பழுப்பாகவோ தெரியும். ஸ்பெஷாலிட்டி தரத்துக்கு 350 கிராம் மாதிரியில் முழுக்கப் புளித்த கொட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதனால் வந்தவர்கள் கறாராகப் பேசியதில் தப்புச் சொல்ல முடியாது.

சரி, அடுத்த பறிப்புக்கு வருவோம். அன்று பறித்ததை அன்று இருட்டுமுன் பரப்பியாக வேண்டும். மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை என்று பழத்தைக் களத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆள் குறைவென்றால் பறிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டவே வேண்டாம், மூங்கில் கூடை போதும். வந்ததும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மிதப்பதை அள்ளித் தனியே போடுங்கள். அடியில் தங்கியதை வடித்து உடனே பரப்புங்கள்.

இன்னொன்று, கூலி. வீசைக்கு இவ்வளவு என்று பேசினால் பச்சைக்காயும் சேர்ந்துதான் கூடைக்கு வரும். பர்மா வீசை 1.63 கிலோ ஆயிற்றே, எடை ஏற வேண்டுமே பறிக்கிறவர்களுக்கு! முழுச் சிவப்பாகப் பறித்தால் வீசைக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பச்சையைப் பொறுக்க மறுபடி ஆள் வைப்பதைவிட அது மலிவு.

களத்தில் முதல் மூன்று நாள் பழத்தின் மேல் பழம் ஏறக் கூடாது, ஒற்றை அடுக்குதான். பகலில் மணிக்கு ஒரு தடவை கையால் கிளறிவிடுங்கள். தோல் சுருங்கிக் கறுத்த பிறகு நாலு விரல்கடை கனம் வரை சேர்க்கலாம். பனியைப் பற்றிக் கேட்டீர்களே, அதுவும் உண்மைதான். வெயில் இறங்கியதும் மூடுங்கள், காலையில் ஈரம் உலர்ந்த பிறகு திறங்கள். ஆனால் தார்ப்பாய் பழத்தில் படக் கூடாது. மூங்கில் வளைத்து மேலே தூக்கிக் கட்டாவிட்டால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் வரும். உச்சி வெயில் சுள்ளென்று அடித்தால் அப்போதும் நிழல் கொடுங்கள். சிமெண்ட் தளம் அந்த நேரத்தில் கொதிக்கும் என்பதால்தான் வேண்டாம் என்றேன்.

மூன்று வாரம் ஆகலாம், அவசரப்படாதீர்கள். காதருகே குலுக்கினால் கலகல என்று சத்தம் வர வேண்டும். அதை மட்டும் நம்பாமல் ஈரமானியில் வைத்து, 11 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மூட்டை கட்டுங்கள்.

ஏற்கெனவே புளித்ததை நல்லதோடு கலந்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள், எல்லாம் போய்விடும். அதை உள்ளூர்க் கடைக்குச் சாதாரண விலையில் தள்ளிவிடுங்கள். அது இருந்த சாக்கில் புதுக் காப்பியைப் போட வேண்டாம், வாடை பிடித்துக்கொள்ளும்.