நிலா கீழே விழாமல் இருக்க மையவிலக்கு விசைதான் காரணமா?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகன், "மையநோக்கு விசையும் மையவிலக்கு விசையும் சமமாக இருப்பதால்தான் நிலா பூமியின் மேல் விழாமல் சுற்றுகிறது" என்று தேர்வில் எழுதியிருக்கிறான். மதிப்பெண் கிடைக்கவில்லை. இது தவறா? தவறென்றால், பஸ் வளைவில் திரும்பும்போது நம்மை வெளிப்பக்கம் தள்ளுவது எது?

பதில்: தவறுதான். ஆனால் பையனைத் திட்டாதீர்கள். நான் மதுரையில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். இயக்க விதிகள் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்த வாக்கியம் யாராவது ஒருவர் நோட்டில் வந்துவிடும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே எழுதுவார்கள். கேட்க அவ்வளவு பொருத்தமாக இருக்கிறது: உள்ளே ஒன்று இழுக்கிறது, வெளியே ஒன்று இழுக்கிறது, இரண்டும் சமம், அதனால் நிலா இருந்த தூரத்திலேயே இருக்கிறது.

இதன் மேல் நியூட்டனின் முதல் விதியை வைத்துப் பாருங்கள். ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகள் ஒன்றையொன்று முழுக்கச் சரிக்கட்டிவிட்டால் அந்தப் பொருள் ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போகும். நிலா நேர்கோட்டிலா போகிறது? 27.3 நாளுக்கு ஒரு முறை நம்மைச் சுற்றி வருகிறது. பாதை ஒவ்வொரு நொடியும் பூமியின் பக்கம் வளைந்துகொண்டே இருக்கிறது. வளைகிறது என்றாலே சரிக்கட்டப்படாத ஒரு விசை உள்நோக்கி இருக்கிறது என்றுதான் அர்த்தம். உங்கள் மகன் எழுதியபடி இரண்டு விசையும் சமமாகியிருந்தால் நிலா என்றைக்கோ நம்மை விட்டுப் போயிருக்கும்.

உண்மையில் நிலா விழுந்துகொண்டுதான் இருக்கிறது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள், அதனால் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். நிலா இருக்கும் தூரம் சுமார் 3,84,000 கி.மீ. பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு. ஈர்ப்பு விசை தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது, ஆகவே அங்கே ஈர்ப்பு முடுக்கம் இங்கே இருப்பதில் 3,600-இல் ஒரு பங்கு. இங்கே இருக்கும் 9.8 மீ/நொடி²-ஐ 3,600-ஆல் வகுத்தால் 0.0027. இப்போது ஈர்ப்பை மறந்துவிட்டு, நிலா ஓடும் வேகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 1.02 கி.மீ. எல்லாவற்றையும் மீட்டரில் வைத்து, வேகத்தின் இருமடியை நிலா சுற்றும் வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால், அந்த வட்டத்தில் ஓடத் தேவையான முடுக்கம் வரும். அதுவும் 0.0027. ஒன்று பூமி தருவது, மற்றொன்று வட்டத்துக்குத் தேவைப்படுவது. இரண்டு வழியில் போட்டும் ஒரே எண் வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. 1687-இல் வெளிவந்த தன் நூலில் நியூட்டன் செய்துகாட்டிய ஒப்பீடு இதுதான். அவர் சொன்ன விதம் இன்னும் அழகு. இங்கே கையிலிருந்து விடுபட்ட கல் ஒரு நொடியில் விழும் தூரத்தை, அதாவது சுமார் 4.9 மீட்டரை, நிலா ஒரு நிமிடத்தில் விழுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் பக்கவாட்டில் 61 கி.மீ. ஓடியும் விடுகிறது. விழும் அளவும் ஓடும் அளவும் இப்படி ஒத்துப்போவதால்தான் நிலா தரையைத் தொடுவதே இல்லை.

ஆக, நிலாவின் மேல் பூமி செலுத்துவது ஒரே ஒரு விசை. ஈர்ப்பு விசை. அப்படியென்றால் மையநோக்கு விசை எங்கே? பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். மையநோக்கு விசை என்று தனியாக ஒரு விசை கிடையாது. அது ஒரு வேலை. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் என்று ஒருவர் இருப்பார் இல்லையா, அவர் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை, குடும்பத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பையன்தான். பந்திக்கு ஆள் கணக்கு எடுக்கும்போது அந்தப் பையனை ஒரு தடவை, மாப்பிள்ளைத் தோழனை ஒரு தடவை என்று யாரும் எண்ணுவதில்லை. விசைப் படம் வரையும்போதும் அப்படித்தான். ஈர்ப்பு, உராய்வு, இழுவிசை, தரையோ சுவரோ தரும் செங்குத்து விசை எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, அப்புறம் தனியாக "மையநோக்கு விசை" என்று ஓர் அம்புக்குறி போடக் கூடாது. போட்டால் ஒரே விசையை இரண்டு தடவை எண்ணியதாக ஆகிவிடும். வட்ட இயக்கக் கணக்கு எது வந்தாலும் முதல் கேள்வி, "இங்கே அந்த வேலையைச் செய்கிறது யார்?" என்பதுதான். கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல்லுக்கு இழுவிசை. நிலாவுக்கு ஈர்ப்பு. பஸ்ஸுக்கு டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள உராய்வு.

இனி பஸ். கொடைக்கானல் காட் ரோட்டில் போன எல்லோருக்கும் இந்தத் தள்ளல் தெரியும். பஸ் இடது பக்கம் ஒடிக்கும்போது நாம் வலது பக்கம் சாய்கிறோம், ஓரத்தில் இருப்பவர் ஜன்னலோடு நெருக்கப்படுகிறார். வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "அப்ப என்னையத் தள்ளுனது யாரு சார்?" "யாரும் தள்ளலப்பா. நீ நேராத்தான் போன, பஸ்தான் திரும்பிருச்சு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆனா தோள்ல அழுத்துச்சே சார்" என்றான். மிக நல்ல கேள்வி. அழுத்தியது உண்மை. ஆனால் எந்தப் பக்கம் அழுத்தியது? ஜன்னல் அவன் வலது தோளில் பட்டு இடது பக்கமாக, அதாவது வளைவின் மையத்தை நோக்கி அழுத்தியது. உடம்பு நிலைமத்தால் நேராகப் போகப் பார்க்கிறது. சீட்டின் உராய்வு மட்டும் அதைத் திருப்பப் போதவில்லை. மிச்சத்தை ஜன்னல் கொடுக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரே உண்மையான தள்ளல் உள்நோக்கியது, அதைத்தான் வெளியே தள்ளுவதாக எடுத்துக்கொள்கிறோம்.

பஸ்ஸுக்கு எவ்வளவு உராய்வு வேண்டும் என்பதைச் சாலை போடுகிறவர்கள் கணக்குப் பார்த்துத்தான் போடுகிறார்கள். சாலைகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் விதிப்படி கொண்டை ஊசி வளைவின் உள்பக்க ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் குறைந்தது மணிக்கு 20 கி.மீ. அவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளிது: வேகத்தை மணிக்கு இத்தனை கி.மீ. என்று வைத்து இருமடியாக்கி, 127-ஆல் பெருக்கிய ஆரத்தால் வகுக்க வேண்டும். (127 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் மிரளுவார்கள். 3.6-இன் இருமடியை 9.8-ஆல் பெருக்குங்கள், அவ்வளவுதான்.) 20 கி.மீ. வேகத்துக்கு 400-ஐ 1,778-ஆல் வகுத்தால் 0.225. பஸ்ஸின் எடையில் அந்தப் பங்கு அளவுக்கு உள்நோக்கிய விசை வேண்டும். பனி விழாத மலைச் சாலையில் வெளிவிளிம்பை 10 சதவீதம் வரை உயர்த்தலாம், அது 0.10-ஐத் தந்துவிடும். மீதி 0.125-ஐ டயர் தர வேண்டும். விதி டயரிடம் எதிர்பார்ப்பது 0.15 வரைதான். சரியாக அடங்கிவிட்டது.

அதே வளைவில் டிரைவர் 30-இல் திருப்புகிறார் என்று வையுங்கள். வேகம் ஒன்றரை மடங்குதான், ஆனால் தேவை இரண்டே கால் மடங்காகி 0.506-க்குப் போய்விடும். சாய்வு தரும் 0.10 போக, டயரிடம் 0.4 கேட்கிறோம். காய்ந்த ரோட்டில் நல்ல டயர் கொடுத்துவிடும். மழை பெய்து, டயரும் தேய்ந்திருந்தால் கொடுக்காமல் போகலாம். கொடுக்காவிட்டால் பஸ்ஸை எதுவும் வெளியே இழுப்பதில்லை, உள்ளே திருப்ப ஆள் இல்லாமல் அது தொடுகோட்டில் நேராகப் போகிறது. இந்தக் கணக்கில் பஸ்ஸின் நிறை எங்கேயும் வரவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆள் ஏறினால் பஸ் "பிடித்து ஓடும்" என்று சிலர் சொல்வதுண்டு. வளைவில் வழுக்குவதைப் பொறுத்தவரை எடை கூடினால் உராய்வும் கூடும், தேவையும் அதே அளவு கூடும், ஆகவே லாபம் ஒன்றும் இல்லை. எடை மேலே ஏறினால் கவிழும் ஆபத்துதான் கூடும். அது வேறு கணக்கு.

பொருட்காட்சியில் மரணக் கிணறு பார்த்திருந்தால் அதையும் மகனிடம் கேளுங்கள். செங்குத்துச் சுவரில் ஓடும் பைக்குக்கு உள்நோக்கிய விசையைத் தருவது சுவர். உராய்வு அங்கே மேல்நோக்கி நின்று, எடையைத் தாங்குகிறது. வேகம் குறைந்தால் சுவரின் அழுத்தம் குறையும், அதோடு உராய்வும் குறைந்து பைக் கீழே சறுக்கும். யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் அவனுக்குப் பாடம் புரிந்துவிட்டது.

அப்படியானால் புத்தகத்தில் மையவிலக்கு விசை ஏன் இருக்கிறது? அது பொய் இல்லை, அதற்கு ஓர் இடம் உண்டு. சுழலும் பொருளோடு சேர்ந்து சுழன்றுகொண்டே கணக்கு எழுதுகிறவருக்கு அது தேவை. பஸ்ஸுக்குள் இருப்பவருக்கு பஸ்தான் உலகம், அதில் அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் உள்ளே அழுத்தியும் ஏன் நகரவில்லை என்று அவர் கணக்கை முடிக்க வேண்டுமென்றால், வெளிநோக்கி ஒரு போலி விசையைச் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் விடை சரியாக வரும். ரோட்டோரம் நின்று பார்ப்பவர் அதை எழுதக் கூடாது. உங்கள் மகனின் வாக்கியத்தில் குழப்பம் இதுதான்: "நிலா சுற்றுகிறது" என்று வெளியே நின்று சொல்கிறான், "இரண்டும் சமம்" என்று நிலாவோடு சேர்ந்து சுழன்றுகொண்டு சொல்கிறான். ஏதாவது ஓர் இடத்தில் நின்று எழுத வேண்டும். பள்ளித் தேர்வுக்கு வெளியே நிற்பதுதான் நல்லது. "பூமியின் ஈர்ப்பு விசையே நிலாவுக்குத் தேவையான மையநோக்கு விசையாகச் செயல்படுகிறது" என்று எழுதினால் போதும்.

பூமியோடு சுழலும் நாம் எல்லோரும் அந்தப் பஸ் பயணிகள்தான் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மதுரை நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கிறது. பூமியின் தற்சுழற்சியால் நம் ஊர் மணிக்குச் சுமார் 1,650 கி.மீ. வேகத்தில் வட்டமடிக்கிறது. அந்த வட்டத்துக்குத் தேவையான முடுக்கம் 0.033 மீ/நொடி² தான். பூமி நம்மை இழுக்கும் இழுப்பில் ஒரு சின்னப் பங்கு நம்மைச் சுற்றவைக்கவே செலவாகிவிடுகிறது, மிச்சம்தான் எடையாகத் தெரிகிறது. பூமி சுழலாமல் நின்றிருந்தால் 60 கிலோ காட்டும் சுருள்வில் தராசு, சுழற்சியால் மட்டும் சுமார் 200 கிராம் குறைத்துக் காட்டும். இரண்டு தட்டுத் தராசில் இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் படிக்கல்லும் அதே அளவு குறைந்துவிடும்.