கொடைக்கானல் இரும்பு எங்கிருந்து வந்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விருப்பப் பாடமாகச் சமநிலையற்ற அமைப்புகளின் (இன்னும் மாறிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருப்பவற்றின்) புள்ளியியல் இயற்பியலை எடுத்திருக்கிறேன். ஆனால் மனசு கிடப்பதெல்லாம் விண்கற்களில். இரண்டும் ஒட்டாது, ஏதாவது ஒன்றை விட்டுவிடு என்று வீட்டிலும் சொல்கிறார்கள், வகுப்பிலும் சொல்கிறார்கள். நம் கொடைக்கானல் விண்கல் ஹீபி என்ற சிறுகோளிலிருந்து வந்ததாக ஒரு கட்டுரையில் படித்தேன். ஒரு கல்லை வைத்துக்கொண்டு அது புறப்பட்ட இடத்தை எப்படிச் சொல்ல முடியும்?

– ஒரு மாணவி, திருமங்கலம்

அன்புள்ள மாணவிக்கு,

எதையும் விடாதீர்கள். நீங்கள் கேட்டிருப்பதற்குப் பதிலே அந்த விருப்பப் பாடத்துக்குள்தான் இருக்கிறது.

சமநிலைக்கு வந்துவிட்ட பொருளுக்கு ஞாபகம் கிடையாது. வெப்பநிலை, அழுத்தம், கலவை என்று நாலைந்து எண்கள் மிஞ்சும். எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்பது அழிந்துபோகும். ஒரு விண்கல் தன் கதையைச் சொல்கிறது என்றால், சமநிலைக்கு வர அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை என்றுதான் பொருள்.

கொடைக்கானல் கல்லையே எடுத்துக்கொள்வோம். 1898-இல் கிடைத்தது, சுமார் 16 கிலோ. அன்றைக்குப் பழனி மலை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது, ஆகவே நம் கல் என்று நீங்கள் உரிமையோடு சொன்னது சரிதான். அதை அறுத்துப் பார்த்தால் இரும்பு-நிக்கல் உலோகத்துக்கு நடுவே சிலிக்கேட் (பாறைப் பொருள்) உருண்டைகள் பதிந்திருக்கும். அவற்றுக்குள் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த கண்ணாடி. உருகிய இரும்பையும் உருகிய பாறையையும் சும்மா விட்டால் இரும்பு கீழே இறங்கிவிடும், பாறைக்குழம்பு மேலே மிதக்கும். இங்கே பிரியவில்லை. கண்ணாடியும் படிகமாகவில்லை. ஏதோ ஒரு பெரிய மோதலில் உருகிக் கலந்து, பிரிவதற்குள் உறைந்துவிட்டது. கதிரியக்க ருபிடியம் சிதைந்து எவ்வளவு ஸ்ட்ரான்ஷியம் ஆகியிருக்கிறது என்று பார்த்து அந்தச் சிலிக்கேட்டின் வயதைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 370 கோடி ஆண்டு வருகிறது. சூரியக் குடும்பத்தின் வயது 456 கோடி. ஒரு இரும்பு விண்கல்லுக்கு இது வியப்பூட்டும் இளமை. இந்தக் கல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஹீபி எப்படி உள்ளே வந்தது? இந்த வகை இரும்புக் கற்களின் சிலிக்கேட்டில் உள்ள ஆக்ஸிஜன் ஐசோடோப்களின் (எடை வேறுபட்ட ஆக்ஸிஜன் அணுக்களின்) விகிதம், 'எச் காண்டிரைட்' என்ற சாதாரண விண்கல்வகையின் விகிதத்துக்கு மிக நெருக்கம். ஹீபியின் நிறமாலையும் (அது திருப்பியனுப்பும் ஒளியின் நிறப்பிரிகையும்) எச் காண்டிரைட்டோடு பொருந்துகிறது. போதாததற்கு அது வியாழன், சனி ஆகியவற்றின் ஒத்ததிர்வுப் பாதைகளுக்கு, அதாவது அந்தக் கோள்களின் ஈர்ப்பு ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப இழுத்துப் பாதையைக் கலைக்கும் இடங்களுக்கு, பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து சிதறும் துண்டு பூமிப் பக்கம் வருவது எளிது. 1998-இல் கேஃபி, கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இவற்றைச் சேர்த்து, ஹீபிதான் மூலம் என்று வாதிட்டார்கள்.

பிறகு மறுப்பு வந்தது. 2017-இல் சிலியிலுள்ள பெரிய தொலைநோக்கியில் ஹீபியின் வடிவத்தை அளந்தபோது, இத்தனை கற்கள் அங்கிருந்து பெயர்ந்து வந்தன என்று சொல்ல, அதிலுள்ள மிகப் பெரிய பள்ளத்தின் கொள்ளளவு போதவில்லை. அருகிலுள்ள எச் காண்டிரைட் போன்ற சிறுகோள் குடும்பங்களின் (ஒரே சிறுகோள் உடைந்து உண்டான கூட்டங்களின்) மொத்தப் பருமனில் அது ஐந்தில் ஒரு பங்குதான். 2024-இல் வெளியான ஆய்வுகள், இன்று விழும் எச் காண்டிரைட்டுகளில் பெரும்பகுதியை கரின், கொரோனிஸ் குடும்பங்களில் ஒரு கோடி ஆண்டுக்குள் நடந்த உடைப்புகளோடு இணைக்கின்றன. ஆனால் இரும்புக் கற்கள் பொதுவாக விண்வெளியில் பத்துக் கோடிக்கணக்கான ஆண்டுகள் அலைந்தவை. இன்று விழும் கல் வந்த வழியிலேயே நம் இரும்பும் வந்திருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், கொடைக்கானல் வழக்கு இன்னும் முடியவில்லை.

இந்தத் துண்டுகள் விண்வெளியில் அலைவதும் சமநிலையின்மையால்தான். கோயில் ஆடி வீதியில் உச்சி நேரத்தைவிட இரண்டு மணிக்குத்தான் பாதத்தைச் சுடும், கவனித்திருப்பீர்கள். சுழலும் சிறுகோளிலும் அப்படியே பிற்பகல் பக்கம் அதிகம் சூடேறி, அதிக வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்தக் கதிர்வீச்சின் மிகச் சிறிய எதிர்விசை சிறுகோளைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. யார்க்கோவ்ஸ்கி விளைவு என்று பெயர். 1991-க்கும் 2003-க்கும் இடையில் கோலெவ்கா என்ற அரைக் கிலோமீட்டர் சிறுகோள் இதனால் 15 கிலோமீட்டர் விலகியிருந்ததை ரேடாரில் அளந்தார்கள். அதே விசை சின்னத் துண்டுகளைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஒத்ததிர்வுக்குள் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

இனி உங்கள் பாடம். சிறுகோள் பட்டை முழுவதையும் ஒரே அமைப்பாகப் பாருங்கள். பெரியது மோதி உடைகிறது, துண்டு மறுபடி உடைகிறது, கடைசியில் தூசாகி வெளியேறுகிறது. பெரிய அளவிலிருந்து சிறிய அளவுக்கு நிறை ஓயாமல் வழிந்துகொண்டே இருக்கிறது. எண்ணிக்கை மாறாததுபோலத் தெரியும், ஆனால் அது சமநிலை அல்ல, ஓட்டம் இருக்கும் நிலைத்த நிலை. 1969-இல் டோனானி என்ற ஆய்வாளர் இதற்குச் சமன்பாடு எழுதி, நிறைப் பரவலின் அடுக்கு (நிறை கூடக்கூடத் துண்டுகளின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்) 11/6 என்று கண்டார். கொந்தளிக்கும் திரவத்துக்கு ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மோகோரோவ் 1941-இல் செய்ததும் இதே வகைச் சிந்தனைதான்.

டோனானியின் சமன்பாட்டை எடுத்து நீங்களே தீர்த்துப் பாருங்கள். 11/6 வந்ததும், சிறிய துண்டுகள் யார்க்கோவ்ஸ்கி விசையால் பட்டையை விட்டு வெளியேறும் இழப்பையும் ஒரு உறுப்பாகச் சேருங்கள். அடுக்கு எங்கே வளைகிறது என்று பாருங்கள். இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு இதுவே போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு எழுதுங்கள். விண்கற்களை அங்கே நெடுநாளாக ஆராய்கிறார்கள்.