சாய்ந்த பிக்சல் எழுத்துகள்: கேள்வி பதில்

ஹட்டன்: கடை முகப்பில் ஓடும் எல்.ஈ.டி. பலகையில், பழைய வீடியோ விளையாட்டு எழுத்தைப் போல ஊர்ப் பெயரைச் சாய்த்துப் போட முடியுமா?

முடியும். விளக்குகள் 10 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைந்த பி10 பலகை ஒன்றில் அகலத்துக்கு 32 விளக்குகளும் உயரத்துக்கு 16 விளக்குகளும் இருக்கின்றன. ஆங்கிலப் பெரிய எழுத்து 8 × 8 கட்டத்துக்குள் அடங்கிவிடும். தமிழுக்கோ புள்ளிக்கு ஒரு வரிசை, அதன்கீழ் வெற்றாக ஒரு வரிசை, கு, மு போன்றவற்றின் கீழிறக்கத்துக்கு மூன்று வரிசை என ஒதுக்கினால், எழுத்தின் உடலுக்கு 11 வரிசைகளே மிஞ்சும். நான்கு வரிசைக்கு ஒரு பிக்சல் (பலகையில் ஒரு விளக்கு) வீதம் வலப்புறம் நகர்த்துங்கள்; சாய்வு ஏறத்தாழ 14 பாகையாக அமையும். இரண்டு வரிசைக்கு ஒன்று என நகர்த்தினால் அது 26 பாகையைத் தாண்டிவிடும். அப்போது ‘ஹட்டன்’ என்பதில் முதல் ட்-இன் புள்ளி அடுத்த ட-வின் தலையில் நிற்பதாகக் கண்ணுக்குப் படும். புள்ளி பிழையானால் சொல்லே பிழையாகிவிடும்.

பண்டாரவளை: மென்பொருளின் சாய்வுப் பொத்தான் போதாதா?

போதாது. அது பிக்சல்களைக் கட்டத்திலிருந்து பெயர்த்துவிடும். வரிசை வரிசையாகக் கையால் நகர்த்துங்கள்.

நுவரெலியா: 8 பிக்சல் எழுத்துருவை 20 பிக்சல் அளவில் பதாகைக்கு இட்டேன், மங்கலாக இருக்கிறது.

முழு மடங்கிலேயே பெரிதாக்க வேண்டும்: 16, 24, 32. விளிம்பு மென்மையாக்கத்தை அணைத்துவிட்டு, ஜேபெக்கைத் தவிர்த்து, பிஎன்ஜி கோப்பாக அச்சகத்துக்குக் கொடுங்கள்.

தலவாக்கலை: டீ-சேர்ட்டில் விளிம்பு கலங்குகிறது.

முழு மடங்கு. நுவரெலியாவுக்குச் சொன்னதைத் தயவுசெய்து வாசியுங்கள்.

கண்டி: சாய்வெழுத்து மேல்நாட்டு வழக்கம். தமிழை ஏன் சாய்க்க வேண்டும்?

பாதி உடன்படுகிறேன். 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுடியஸ் அச்சிட்ட நூலுக்காக பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிய சாய்வெழுத்து, அந்நாட்டாரின் விரைவுக் கையெழுத்திலிருந்து பிறந்தது. நமது அச்சு வடிவங்களுக்கு அத்தகைய பிறப்பு இல்லை. ஆகவே கட்டுரைக்குள் ஒரு சொல்லை அழுத்திக் காட்டத் தமிழைச் சாய்ப்பதை நானும் ஏற்பதில்லை, தடித்த எழுத்தே போதும். தலைப்பெழுத்தின் நிலை வேறு: அங்கே சாய்வு வேகத்தைக் காட்டும் படமாகிறது.

பதுளை: கண்டி நண்பருக்கு ஒரு வார்த்தை. எங்கள் பஸ்களின் பக்கவாட்டில் தூரிகையால் பெயர் எழுதியவர்கள் சாய்த்தும் எழுதினார்களே?

இந்தச் சான்றை நான் மதிக்கிறேன். அந்தத் தூரிகைக்காரர்கள் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கவில்லை. ண-வின் சுழிகளைச் சாய்வுக்கேற்பப் புதிதாக வளைத்தார்கள். பிக்சலிலும் செய்ய வேண்டியது அதுவே: சுழி அடைபட்டுப்போனால் உள்ளே ஒரு பிக்சலைத் திறந்துவிடுங்கள். கண்டி நண்பர் அப்படிப்பட்ட ஒரு பஸ்ஸின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் வாதிடட்டும், நான் காத்திருக்கிறேன்.

மஸ்கெலியா: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டது.

முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். இது பிக்சல் எழுத்துருவின் குறையன்று.

ராகலை: தேயிலைப் பொதியின் பின்புற விபரங்களுக்கும் இந்த எழுத்து ஆகுமா?

ஆகாது. முகப்பில் பெயருக்கு மட்டும் வையுங்கள். நிறையும் காலாவதித் திகதியும் நிமிர்ந்த சாதாரண எழுத்தில் இருக்கட்டும். பெயரையும் முழு மடங்கிலேயே பெரிதாக்குங்கள்.