சைக்கிள் பாதைக்கு அரசு நிதி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, சைக்கிள் பாதை கேட்டால் ‘நிதி இல்லை’ என்கிறார்கள். உண்மையிலேயே பணம் இல்லையா?

பதில்: பணம் இருக்கிறது. மேம்பாலத்துக்கும் சாலை விரிவாக்கத்துக்கும் போக மிச்சம் இருந்தால்தான் சைக்கிளுக்கு என்று வைத்திருக்கிறார்கள். அந்த மிச்சம் எந்த ஆண்டும் வருவதில்லை. அயர்லாந்தில் 2020இல் அமைந்த கூட்டணி அரசு, போக்குவரத்து மூலதனச் செலவில் 20 சதவீதத்தை, அதாவது ஆண்டுக்கு 36 கோடி யூரோவை, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் முதலிலேயே ஒதுக்கியது. தனி ஒதுக்கீடு என்று எழுதி வைத்துவிட்டால், அதை வேறு வேலைக்குத் திருப்புகிறவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு கிலோமீட்டர் பாதை போட்டார்கள், காலியாகவே கிடக்கிறது. மேலும் செலவழிப்பது வீண்தானே?

பதில்: இந்தக் கேள்வியை நெதர்லாந்து 1970களிலேயே சந்தித்துவிட்டது. தி ஹேக், டில்பர்க் நகரங்களில் மத்திய அரசின் பணத்தில் ஊருக்கொரு நேர்த்தியான பாதை போட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் ஓட்டியவர்கள் அதற்கு மாறினார்கள். புதியவர்கள் அவ்வளவாக வரவில்லை. அதற்காகக் கைவிட்டுவிடவில்லை. 1980களில் டெல்ஃப்ட் நகரம் முழுவதும் பாதைகளை வலைபோலப் பின்னினார்கள். ஸ்பெயினின் செவில் நகரமும் 2006 தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 80 கிலோமீட்டரை ஒன்றோடொன்று இணைத்தே கட்டியது. அங்கே சைக்கிள் பயணங்கள் பல மடங்கு பெருகின.

உங்கள் பாதை எங்கே முடிகிறது என்று போய்ப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பல, லாரிகள் திரும்பும் சந்திப்புக்குப் பத்தடி முன்னால் நின்றுவிடுகின்றன. மகளைப் பள்ளிக்கு சைக்கிளில் அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய், அந்தப் பத்தடியை வைத்துத்தான் முடிவெடுக்கிறார்.

கேள்வி: மின்சார சைக்கிளுக்கு மானியம் தரலாமா?

பதில்: தரலாம். மேடும் தூரமும் வயதும் தடையாக இருப்பவர்களுக்குப் பேருதவி. ஆனால் பாதை இல்லாத ஊரில் அந்த வண்டி வாசலோடு நின்றுவிடும்.

கேள்வி: சாலைக்கு வரி கட்டுகிறவர்கள் வாகனக்காரர்கள் அல்லவா?

பதில்: பொதுவரியை எல்லோரும்தான் கட்டுகிறோம். சாலையின் தேய்மானமோ, வண்டியின் சக்கர அச்சின் மேல் விழும் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுகிறது: எடை இரட்டிப்பானால் தேய்மானம் 16 மடங்கு. இந்தக் கணக்கில் சைக்கிளின் பங்கு இல்லை என்றே சொல்லலாம்.

கேள்வி: திட்ட மதிப்பீட்டில் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பராமரிப்புக்குத் தனித் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிச் சில்லைக் கூட்ட ஆள் வேண்டும், உடைந்த விளிம்பைப் பூச வேண்டும். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் பாதையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால் சக்கரம் உள்ளே இறங்கி, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். அந்த மூடியைக் குறுக்காகத் திருப்பிப் பதிப்பது ஒருநாள் வேலைதான். மதிப்பீட்டில் ஒரு வரி இல்லாததால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அந்த வரியை நிதிநிலை அறிக்கை தயாராவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.